ஏற்றின பட்டை, இறக்கின சுருள்

போனக்காட்டு வண்டிகளின் வரலாற்றை எழுதச் சொன்னால் நான் எஞ்சினிலிருந்து தொடங்க மாட்டேன். எஞ்சின் எந்த ஊருக்கும் ஒன்றுதான். சாலைக்குச் சாலை மாறுவது அடியிலிருக்கும் ஸ்பிரிங். விதுரா தாண்டி, காணித்தடம் செக்போஸ்ட்டில் நின்று, காட்டுக்குள் ஏறுகிற பாதையில் தார் பெயர்ந்த இடத்தில் ஜல்லி கிடக்கும், ஜல்லி போன இடத்தில் பாறை எட்டிப் பார்க்கும். அகஸ்தியர்கூடத்தின் மடி அது, மழைக்குக் குறைவில்லை. அந்தப் பாதையில் ஓடிய வண்டிகளை நான் பெரும்பாலும் கீழே படுத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன்.

நான் பிறந்தது போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆட்களோடு மலையேறியவர் என் பாட்டனார். எனக்குக் கொழுந்து வேலை ஒட்டவில்லை. நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் கமான் பட்டை அடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு நெடுமங்காட்டில் ஒர்க்‌ஷாப் போட்டேன்.

இந்தத் திருவனந்தபுரம் ஜில்லாவில் ஸ்பிரிங்கின் கதை மோட்டாருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் ஒபடயா எலியட் என்பவர் கோச்சு வண்டிக்கு இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லுக்குக் காப்புரிமை வாங்கியது 1804-இல். அந்த வில் நம் மாட்டுவண்டிக்கும் வந்து சேர்ந்தபோது அது வசதியுள்ளவன் வண்டியாயிற்று. பாரவண்டியின் அச்சு நேராகச் சட்டத்தில் உட்காரும், குலுங்கும். வில்வண்டி குலுங்காது. அதனால் அதில் யார் உட்காரலாம் என்பதற்கும் ஊரில் எழுதாத சட்டம் இருந்தது. 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி, வெள்ளைக் காளைகளைப் பூட்டி, தலைப்பாகையோடு பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அவருடைய புலையர் சமூகத்தார் நடக்கவே கூடாது என்றிருந்த சாலை அது. வெங்ஙானூர் இங்கிருந்து தூரமில்லை, இதே ஜில்லாதான். ஒருவன் எந்த உயரத்தில், எந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து போகிறான் என்பதை அடுத்தவன் கேள்வி கேட்டது அன்றைக்குப் புதிதும் அல்ல, அன்றோடு நின்றதும் அல்ல. இதைச் சொல்வதால் அய்யன்காளியின் வண்டியையும் இன்றைய பையன்களின் தாழ்த்தின ஸ்விஃப்ட் காரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் சாலையைக் கேட்டார். இவர்கள் கேட்பது அழகை.

திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது 1938 பிப்ரவரி 20-இல். அது நகரத்தின் கதை. எஸ்டேட்டின் கதை ஜீப்பில் தொடங்குகிறது. மகிந்திரா கம்பெனி பம்பாய் மஜகானில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது 1940-களின் கடைசியில். அதன் பிறகு தென்னிந்திய மலைகளில் எங்கே தேயிலையும் ஏலமும் இருந்ததோ அங்கெல்லாம் ஜீப் போனது. நான்கு சக்கரத்துக்கும் கமான். மெயின் பட்டையின் இரண்டு முனையிலும் கண் இருக்கும். ஒரு கண் சட்டத்தோடு, மறு கண் ஷேக்கிளோடு. அதன் அடியில் ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள். நடுவில் சென்டர் போல்ட் துளைத்துக்கொண்டு போகும், யு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். பாரம் ஏறினால் வளைவு நிமிர்ந்து பட்டை நீளும், நீண்டதற்கு ஷேக்கிள் இடம் கொடுக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே பாதி ஷாக் அப்சார்பர் வேலையைச் செய்துவிடும்.

எஸ்டேட்காரர்களுக்குக் கம்பெனி கொடுத்த பட்டை ஒருநாளும் போதாது. ரேஷன் அரிசி, உரமூட்டை, ஃபாக்டரிக்கு இரும்புச் சாமான், சீட்டிலும் பானெட்டிலும் பின்கம்பியிலும் ஆட்கள். முதலில் பட்டை தணியும், பிறகு சென்டர் போல்ட் அறும். அப்போது பட்டறைக்கு வருவார்கள். தணிந்த பட்டையைப் பிரித்து, குழிவான அடைக்கட்டையில் வைத்துச் சுத்தியால் அங்குலம் அங்குலமாக அடித்துப் பழைய வளைவை ஏற்றுவோம். ஏற்றின கையோடு இன்னொரு பட்டையும் சேர்க்கச் சொல்வார்கள். இன்னும் துணிந்தவர்கள் ஆக்ஸிலுக்கு அடியில் இருந்த பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றச் சொல்வார்கள். வண்டி ஒரே தூக்காகத் தூக்கிக்கொள்ளும்.

கூட்டின பட்டைக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இருந்தால் பஞ்சு மாதிரி போகும், காலியாக இருந்தால் இடுப்பெலும்பைக் கழற்றும். லயத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால், விவரமான டிரைவர்கள் ஆளை ஏற்றுவதற்கு முன் பின்னால் மணல்மூட்டை ஏற்றுவார்கள். அவசரத்தில் எடையைக் குறைக்காமல் கூட்டுகிறார்களே என்று வெளியூர்க்காரன் திகைப்பான். ஸ்பிரிங் தெரிந்தவன் திகைக்க மாட்டான். பாரம் எவ்வளவோ நெகிழ்வும் அவ்வளவு என்று ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்ட விதியைப் படிக்காமலே கடைப்பிடித்தவர்கள் அவர்கள்.

அம்பாஸடர் வந்தது, முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் கமான். டார்ஷன் பாரைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் பூட்டினாலே மூக்கு ஏறும், இறங்கும். அதை இறக்கச் சொல்லி என்னிடம் எவரும் வந்ததில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கரங்களில் மக்ஃபர்ஸன் ஸ்ட்ரட்: ஷாக் அப்சார்பரே தூணாக நிற்க, அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங். ஏர்ல் மக்ஃபர்ஸன் அமெரிக்காவில் 1940-களில் யோசித்த ஏற்பாடு. எங்கள் தொழிலுக்கு அது பெரிய அடி. சுருளில் பட்டை கூட்ட முடியாது, வளைவு ஏற்ற முடியாது; கழற்றி வேறு போடலாம், அவ்வளவுதான். நாகர்கோவிலில் என்னோடு கற்றவர்களில் சிலர் அந்தச் சமயத்தில்தான் வெல்டிங்குக்கும் லேத்துக்கும் போனார்கள்.

ஆனால் கழற்றி வேறு போடலாம் என்ற அந்த வசதியிலிருந்துதான் லோயரிங் ஸ்பிரிங் பிறந்தது. பந்தயக்காரர்களிடம் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. வளைவில் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரத்துக்குப் பாரம் சாயும். எடைமையம் தாழ்வாக இருந்தால் சாய்வது குறையும், நான்கு டயரும் தரையைப் பிடித்திருக்கும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கோயம்புத்தூரில் எஸ்.கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டியபோது அதைத் தரையோடு தரையாகக் கட்டினார். பந்தயம் ஓட்டாமலே தாழ்த்தியவர்கள் லாஸ் ஏஞ்சலஸின் மெக்ஸிகோ வம்சாவளிப் பையன்கள். டிக்கியில் மணல்மூட்டை போட்டும், சுருளை வெட்டியும் தாழ்த்தி, தெருவில் மெதுவாக ஊர்ந்தார்கள். கலிஃபோர்னியா அரசு சும்மா இருக்கவில்லை. சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958-இல் சட்டம் போட்டது. ரான் அகீரே என்பவர் மறு வருடமே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் வைத்தார். போலீஸைக் கண்டால் வண்டி எழுந்து நிற்கும், போனதும் உட்காரும். அந்தச் சட்டத்தை நீக்க அவர்களுக்கு 2024 வரை ஆனது.

கேரளத்தில் இந்த மோகம் ஸ்விஃப்ட்டோடுதான் சூடு பிடித்தது என்று நான் நினைக்கிறேன். ஸ்விஃப்ட் 2005-இல் வந்தது. நெடுமங்காட்டுப் பையன்கள் வந்து, “மேஸ்திரி, நாற்பது மில்லிமீட்டர் இறக்கணும்” என்பார்கள். மில்லிமீட்டரில் பேசுவார்களே, அதுவே எனக்குப் புதிது. ஜீப்காரர்கள் விரல்கடையில் பேசியவர்கள்.

வேலை ஒன்றும் மர்மமில்லை. ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸை விடுவித்து, ஸ்டெபிலைஸர் லிங்கைக் கழற்றி, நக்கிளில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்து, மேலே பானெட்டுக்குள் இருக்கும் மவுன்ட்டின் நட்டுகளைத் திருகினால் ஸ்ட்ரட் கையோடு வரும். நடு நட்டை மட்டும் அப்போது தொடக்கூடாது. அதற்குக் கீழே ஒரு காரின் கால்வாசி எடையைத் தாங்கும் விசை சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியையும் எதிரெதிரே மாட்டி, மாறி மாறித் திருகி, சுருள் மேல்தட்டை விட்டுத் தளர்ந்து ஆடினால்தான் நடு நட்டு. புதிய சுருளின் வால்முனை கீழ்த்தட்டின் தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். பம்ப் ஸ்டாப்பைச் சொன்ன அளவுக்குக் குறைக்க வேண்டும். ரப்பர் புஷ் வரும் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கோடு நின்று சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட். உயரம் இறங்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோவும் மாறும். அலைன்மென்ட் பார்க்காதவன் டயரின் உள்விளிம்பில் பணத்தைத் தேய்க்கிறான்.

நல்ல லோயரிங் ஸ்பிரிங் குட்டையாக மட்டும் இருக்காது, விறைப்பாகவும் இருக்கும். சக்கரம் மேலே ஓடுவதற்கான இடம் குறைந்துவிட்டதே, அந்தக் குறைந்த இடத்துக்குள் அதே குழியை வாங்கியாக வேண்டும். காசில்லாதவன் கம்பெனி சுருளையே கேஸில் வெட்டச் சொல்வான். அதை நான் செய்வதில்லை. ஆறு சுற்று வேலை செய்யும் சுருளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும், அது போகட்டும். வெட்டின முனை தட்டில் உட்காராது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது சுருள் தட்டை விட்டு நகரும். அப்படி நகர்ந்தது திரும்பவும் தன் இடத்தில் உட்காரும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்குதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சோதனைகள் கூடின. இறக்கினவர்கள் வரிசையாகப் பழைய சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழையதைத் தூக்கி எறிந்தவர்கள் பழைய இரும்புக் கடைகளில் தேடி அலைந்தார்கள்.

நீதிமன்றத்தோடு எனக்குச் சண்டையில்லை. தரையில் தட்டும் வண்டி மலைச்சாலைக்கு ஆபத்துதான். ஸ்விஃப்ட்டை நாற்பது இறக்கிவிட்டு நான்கு பேரோடு விதுராவுக்கு மேலே ஏறினால் சம்ப் எங்கே உடையும் என்று என்னால் இடம் சொல்ல முடியும். ஆனால் பட்டை கூட்டின ஜீப்பும் கம்பெனி விவரத்துக்கு மாறானதுதான். இத்தனை வருடத்தில் கமானைக் குனிந்து எண்ணிப் பார்த்த ஒரு அதிகாரியை நான் கண்டதில்லை. இறக்கினது தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. ஏற்றினது பாரம் சுமக்கிற வண்டி. அதை மாடிஃபிகேஷன் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அடித்துக் கொடுத்த எனக்கும்தான்.

இப்போது போனக்காட்டில் ஃபாக்டரி மூடிக் கிடக்கிறது. லயத்தில் சில குடும்பங்கள் மிச்சம். ஜனவரி முதல் மார்ச் வரை அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் வருகிறார்கள். தாழ்த்தின கார்க்காரர்களில் புத்திசாலிகள் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு ஜீப் பிடிக்கிறார்கள். போன சீசனுக்கு முன்னால் ஒரு ஜீப்காரர் வந்தார், எங்கள் லயத்துப் பையன். “அண்ணாச்சி, பின்னாடி ஒரு பட்டை கூட்டிக் குடுங்க. இப்ப உரமூட்டை இல்ல, பேக்கைத் தூக்கிட்டுப் பத்துப் பேரு ஏறுறாவ” என்றார். புது சென்டர் போல்ட் போட்டு, யு போல்ட்டையும் மாற்றி, கூட்டிக் கொடுத்தேன். காலியாக இறங்கும்போது மணல்மூட்டை ஏற்றிக்கொள் என்றும் சொன்னேன்.