நெகிழ்வட்டில் உறங்கும் தமிழ்



ஈப்போ வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பல இரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னர், அப்பள்ளிகளின் கதையைச் சொல்ல எஞ்சியவை பள்ளி மலர்களும் ஆண்டறிக்கைகளுமே. 1990களில் இவற்றுள் பல கணினியில் தட்டச்சு செய்யப்பட்டு, 1.44 மெகாபைட் கொள்ளும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகளில் சேமிக்கப்பட்டன. சோனி நிறுவனம் 2011இல் அவ்வட்டுகளின் விற்பனையை நிறுத்தியது. இன்றைய கணினிகளில் அதற்கான வாயிலே இல்லை.

சிலிபினில் பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்மிடமிருந்த சில வட்டுகளை என்னிடம் தந்தார். யு.எஸ்.பி. வழி இணையும் வட்டியக்கி ஒன்றைக் கொண்டு அவற்றைத் திறக்க முடிந்தது. ஆனால், திரையில் தமிழ் இல்லை. தலையில் குறியிட்ட உரோமன் எழுத்துகளே வரிசையாக நின்றன.

கோப்பு கெட்டுவிட்டதா? இல்லை. இதற்குக் காரணம் தமிழ்க் கணிமையின் வரலாற்றில் உள்ளது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினியில் ‘அம்மா’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதே. இக்குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி வந்தது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தாம், தாப் ஆகியவை வந்தன. இறுதியில் ஒருங்குறி நிலைபெற்றது.

பழைய குறியாக்கங்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனப் பதிவாகும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வரும். உயிர்க்குறி பின்னர் வரும். எனவே, குறிகளை மாற்றுவதோடு வரிசையையும் திருத்த வேண்டும். சுரதாவின் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள் இப்பணியைத்தான் செய்தன. மதுரைத் திட்டமும் 1998இல் தொடங்கி, திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது.

இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப்பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பிபிசி உருவாக்கிய ஒளிவட்டுகளையோ, 2002இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயன்று மீட்க வேண்டியிருந்தது. நமக்கு இது புதிய பாடமன்று. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடிச் சென்றிராவிட்டால், 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியிராது. படியெடுக்கப்படாத ஏடு அழியும், வட்டும் அவ்வாறே.

பழைய வட்டுகள் வைத்திருப்போர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன்.

1. மூடியை மெல்ல நகர்த்திப் பூஞ்சை உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால் இயக்கியில் இடவேண்டா.
2. மூலையிலுள்ள சிறு தடுப்பை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுங்கள். அதன்பின் வட்டில் எதுவும் தவறுதலாக எழுதப்படாது.
3. முதலில் வட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுத்து, அப்படியில் மட்டும் வேலை செய்யுங்கள்.
4. எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறியாக்கத்தைக் கண்டறியும் திறவுகோல் அதுவே.
5. ஒருங்குறிக்கு மாற்றியபின் மூலக்கோப்பையும் காத்து வையுங்கள். தாளில் ஒரு படி அச்சிடுங்கள்.

தோட்டம் மறைந்தபின் அங்கே படித்த பிள்ளைகளின் பெயர்கள் அந்த வட்டுகளில் மட்டுமே இருக்கக்கூடும். வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்கையில் அவற்றைக் குப்பையில் இட்டுவிடாதீர்கள்.