அறுபது வாட் வெளிச்சம்

தில்லி முனீர்க்காவில் நான் குடியிருக்கும் தெருவின் மின்பொருள் கடையில், அண்மையில் ஒரு முதியவர் 'அறுபது வாட் வெளிச்சம் தரும் எல்.இ.டி.' வேண்டும் என்றார். கடைக்காரர் சற்றும் தயங்காமல் 9 வாட் பல்பை எடுத்து நீட்டினார். இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

வாட் என்பது மின்சாரம் செலவாகும் வீதத்தின் அலகு. ஒளிக்கான அலகு லூமென். குண்டு பல்பின் நெடிய ஆட்சியில் செலவின் பெயரே வெளிச்சத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. மொழியியலில் இதை ஆகுபெயராக்கம் எனக் கடந்துவிடலாம். ஆயினும், கூடுதல் வெளிச்சத்துக்குக் கூடுதல் செலவு என்று சொல்லே கற்பித்துவந்த வீடுகளில், சிக்கனம் என்பதற்கு விளக்கை அணைத்தல் என்பதைத் தவிர வேறு பொருள் எளிதில் தோன்றியிருக்காது. (மின்கட்டணச் சீட்டிலுள்ள 'யூனிட்' என்ற சொல்லும் ஒரு வரலாற்று எச்சமே. பிரித்தானிய வணிக வாரியம் வரையறுத்த 'போர்டு ஆஃப் டிரேடு யூனிட்', அதாவது ஒரு கிலோவாட் மணி, காலனிய ஆட்சியோடு இங்கு வந்து, வாரியத்தின் பெயரை உதிர்த்துவிட்டுத் தங்கிவிட்டது.)

அரசின் தலையீடு சட்டவடிவம் பெற்றது 2001-இன் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தில். 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2006-இல் நட்சத்திரக் குறியீடு அறிமுகமாயிற்று. இத்தனை எழுத்துமுறைகள் வழங்கும் நாட்டில், எழுத்தறியாதவரும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு குறியைத் தேர்ந்தது நல்ல முடிவென்றே கருதுகிறேன்.

ஆனால் குறியைப் படிப்பது வேறு, விலையைக் கொடுப்பது வேறு. சி.எஃப்.எல். பல்பு குண்டு பல்பைவிடப் பன்மடங்கு விலையுள்ளதாக இருந்தது. 2009-இல் வந்த 'பசத் லாம்ப் யோஜனா' சி.எஃப்.எல்.-ஐக் குண்டு பல்பின் விலைக்கே, ஏறத்தாழ 15 ரூபாய்க்கு, வீடுகளுக்குத் தர முனைந்தது. எஞ்சிய விலையைக் கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் கிடைக்கும் கார்பன் வரவுகளை விற்று ஈடுசெய்வது ஏற்பாடு. ஒரு கூடத்து விளக்கின் விலை ஐரோப்பியச் சந்தையோடு பிணைக்கப்பட்டிருந்தது. கார்பன் வரவுகளின் விலை சரிந்தபோது திட்டமும் தளர்ந்தது.

அடுத்த முயற்சி அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டது. நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து 2009-இல் தொடங்கியிருந்த இ.இ.எஸ்.எல்., எல்.இ.டி. பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015 சனவரி 5 அன்று தில்லியில் தொடங்கிய திட்டத்தில், நுகர்வோர் பல்புக்கு 10 ரூபாய் கொடுத்து வாங்கிச் செல்லலாம். மீதி மாதம் 10 ரூபாயாக ஓராண்டு மின்கட்டணத்தோடு வசூலாகும். பின்னர் 'உஜாலா' எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தில் நாடு முழுதும் 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன.

இந்தக் கடன்முறையையே வெற்றியின் நுட்பமாகக் காண்கிறேன். வீட்டாரிடம் அது எந்தக் கணக்கையும் போடச் சொல்லவில்லை. 60 வாட் பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்த இடத்தில் 9 வாட் பல்பு எரிந்தால், மாதம் ஏழரை யூனிட் மிஞ்சும். மாதத் தவணை பெரும்பாலும் அந்த மிச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 'வாட்' பழைய பொருளிலேயே வழங்கிவந்தது. செலவு மட்டும் சொல்லிலிருந்து பிரிந்து குறைந்தது.

விசிறிக்கு இந்த வரலாறு இன்னும் வாய்க்கவில்லை. சாதாரண மேல்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 20 யூனிட் வேறுபாடு, அதாவது பல்பு மாற்றத்தில் மிஞ்சுவதைப்போல இரண்டரை மடங்கு. மேல்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமானதோ 2023 சனவரியில்தான். அதே ஆண்டு இறுதியில் 1 கோடி விசிறிகளை இலக்காகக் கொண்டு இ.இ.எஸ்.எல். ஒரு திட்டம் அறிவித்தது. பல்பை வாடகைதாரர் கழற்றி எடுத்துப்போவார். விசிறியோ பெரும்பாலும் வீட்டோடு வருவது. அதைத் தேர்ந்தவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் மற்றொருவர். பல்பின் வரலாற்றை மட்டும் எழுதிவிட்டுச் சிக்கனம் வென்றதென்று முடிக்கும் ஆய்வுரைகள் இந்தப் பிளவைக் காண்பதில்லை.

என் அறையின் துணை மீட்டர்படி யூனிட்டுக்கு 8 ரூபாய் தருகிறேன். தில்லியில் எட்டு மாதமேனும் விசிறி ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,280 ரூபாய் மிச்சப்படும். புதிய விசிறி 3,000 ரூபாய் என்றால், அதன் விலை திரும்ப இரண்டு கோடைகளுக்குமேல் ஆகும். அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து அறையைக் காலிசெய்திருப்பேன். பாதி விலையை நானே தருகிறேன் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "இருப்பதுதான் நன்றாக ஓடுகிறதே, பிறகென்ன?" என்றார்.