மிதிவெடிக்குப் போர் முடிஞ்சது தெரியாது

1/ போன வாரம் தாம்பரத்துல என் கிளினிக்குக்கு கிளிநொச்சிக்காரர் ஒருத்தர் வந்தார். சேலையூர்ல மகள் வீடு. சர்க்கரை நோயாளி, அதனால பாதத்தைப் பார்க்கணும்னேன். "ஒண்டுதான் டொக்டர் இருக்கு. மற்றது மிதிவெடியில போட்டுது" என்றார். போர்ல இல்லைங்க. போர் முடிஞ்ச அடுத்த வருஷம், சொந்த வளவுல.

2/ நாம கண்ணிவெடின்னு சொல்றதைத்தான் அவங்க மிதிவெடிங்கறாங்க. மற்ற காயம் மாதிரி இல்ல இது. மண், புல், செருப்புத் துண்டு எல்லாத்தையும் தசைக்குள்ள மேல்நோக்கி அடிச்சு ஏத்திடும். பாதம் மட்டும் போன மாதிரி தெரியும். ஆனா இன்னும் மேலே வெட்ட வேண்டி வரும். உடனே தைக்கவும் கூடாது. சில நாள் திறந்தே வெச்சு சுத்தம் பண்ணணும்.

3/ புதைச்சது ராணுவம், புலிகள் இரண்டு தரப்பும்தான். முகமாலை மாதிரி பல வருஷம் போர்முனையா இருந்த இடங்கள்ல வரிசை வரிசையா. 2009 மே மாதம் போர் முடிந்தது. வெடிகள் அப்படியே இருந்தன.

4/ அகற்றியது யார்? இலங்கை ராணுவம், 2002 போர்நிறுத்த காலத்திலிருந்து ஹாலோ டிரஸ்ட், மேக், பின்னாடி டாஷ் என்ற உள்ளூர் அமைப்பு. போருக்குப் பிறகு இந்தியாவும் தன் செலவில் குழுக்களை அனுப்பியது. அதில் நம்ம ஓய்வுபெற்ற ராணுவ வீரர்கள் இருந்தாங்க. வடக்குல இந்த வேலை செய்றவங்கள்ல கணவனைப் போரில் இழந்த பெண்கள் பலர்.

5/ இப்போ பணம். ஒரு வெடி செய்ய 3 முதல் 30 டாலர். அதை எடுக்க 300 முதல் 1000 டாலர்னு ஐ.நா. மதிப்பீடு. ஏன் இவ்வளவு? பல வெடிகள் பிளாஸ்டிக். கருவியோ ஆணிக்கும் தோட்டாத் துண்டுக்கும் சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டியிட்டு, கையால மண்ணைச் சுரண்டிப் பார்க்கணும்.

6/ அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், நார்வே போன்ற நாடுகள்தான் கொடுக்கின்றன. உலக அளவில் அதிகம் கொடுத்து வந்தது அமெரிக்கா. 2025 ஜனவரியில் அந்த நாடு வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியபோது, அதன் பணத்தில் நடந்த கண்ணிவெடி வேலைகளும் நின்றன.

7/ இலங்கை ஒட்டாவா ஒப்பந்தத்தில் 2017ல் சேர்ந்தது (இந்தியா இன்னும் சேரவில்லை). அதன்படி 2028 ஜூன் 1க்குள் முடிக்கணும்.

8/ சானடோரியம் ஆஸ்பத்திரி இருக்கற ஊர்க்காரங்க நமக்குத் தெரியும், டிபி மாத்திரையைப் பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு. இதுவும் அப்படித்தான். பணம் நின்னா பயிற்சி எடுத்தவங்க வேற வேலைக்குப் போயிடுவாங்க. நிலத்துக்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்? மண்வெட்டியோட அவரே இறங்கிடுவார். என்கிட்ட வந்தவரும் அப்படி இறங்கினவர்தான்.