தராசு அறியாத உடல்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் நூறாண்டுக்கும் மேலாகக் கொழுந்தின் எடை நாள்தோறும் கணக்கில் ஏறி வந்திருக்கிறது. அதைக் கொய்தவளின் எடை எந்த ஏட்டில் ஏறிற்று?

மெலிந்து சோர்ந்தவரைத் துரைமார் சோம்பேறி என்றனர். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். 'சோம்பல்' என்றதிற் பெரும்பங்கு குருதிச்சோகையே என்பது புலனாயிற்று. மருந்து கொடுத்தனர், மலசலகூடமற்ற லயங்களிலே புழு மீண்டும் வந்தது.

அரிசியும் மாவும் அருகிய 1974இல் தோட்டங்களில் சாவு பெருகியது. அம்மெலிவுக்கு மருந்து சோறும் ரொட்டியுமே, ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை.

புற்றுநோயின் மெலிவோ வேறு வகையது. அதே றொக்பெல்லர் பெயர் தாங்கிய நியூயோர்க் பல்கலைக்கழகத்தார், நோயாளியை உருக்கும் 'கக்கெக்ரின்' என்ற பொருளும் புற்றுக்கட்டியை அழிப்பதாக அறியப்பட்ட புரதமும் ஒன்றே என 1985இல் காட்டினர். நோயை எதிர்க்க உடல் சுரப்பதே உடலையும் உருக்குகிறது! இங்கே உணவு மட்டும் இழந்த தசையை முழுதும் மீட்பதில்லை. ஆறு மாதத்தில் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவது இதன் அடையாளம் என 2011இல் அறிஞர் வரையறுத்தனர்.

வெற்றிலையும் புகையிலையும் மென்ற முதியவளுக்கு வாயிற் புற்று வருகிறது என்று கொள்வோம். விழுங்கவியலாத பட்டினி, நோயின் உருக்கம், மூப்பின் தசையிழப்பு மூன்றும் ஒருங்கே அவளைத் தின்கின்றன. பதுளை ஆஸ்பத்திரி மருத்துவர் அவளது முந்திய எடையைக் கேட்டால் யார் சொல்வது? குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நிறுக்கும் தராசு இன்று தோட்டங்களில் உண்டு. வேலையிலிருந்து ஓய்ந்தவர்களையும் மாதமொருமுறை அதில் ஏற்றிக் குறித்துவைக்குமாறு நாம் கேட்கிறோம்.