ஒரு வாளியும் ஒரு நாக்கும்

1983 கறுப்பு ஜூலையில் பஸ்களை மறித்தவர்கள் பயணிகளிடம் ‘பால்திய’ என்று சொல்லச் சொன்னார்கள். சிங்களத்தில் வாளி. தடுமாறியவர்கள் கொல்லப்பட்டார்கள். முதலெழுத்து தொண்டை அதிர வரவேணும். தமிழில் அந்த ஒலி ‘அம்பு’க்குள் இருக்கு, ஆனால் இரவல் சொற்களைத் தவிர, சொல்லின் தொடக்கத்தில் வராது. எங்கட எழுத்தில் அதை வேறுபடுத்தி எழுதவும் ஏலாது.

தெரிஞ்சால் மாத்திச் சொல்லலாம்தானே? லேசில்லை. வாய் திறக்க முதலே மனம் சொல்லைத் தேடி, ஒலிகளை அசைகளாக அடுக்கிவிடுகிறது என்று 1989இல் வில்லெம் லெவெல்ட் தன் நூலில் விளக்கினார். அந்த அடுக்கு சின்ன வயசுப் பழக்கம். பயத்தில் அதுதான் முந்தும். பைபிளில் ‘ஷிபோலெத்’ சொல்ல முடியாமல் செத்த எப்பிராயீமியரின் கதையும் இதுதான்.

பெரியமடுப் பெடியன் கொழும்பில் சிங்களம் கதைக்கேக்க, உச்சரிப்புக்குச் சிரிக்க முதல் இதை யோசிப்பம்.