கடிகார முள்ளில் தொங்கும் மனிதர்... நிஜமா, செட்டா? 'சேஃப்டி லாஸ்ட்' படத்தின் பின்னணி

வட்டக் கண்ணாடி, தலையில் வைக்கோல் தொப்பி. உயரமான கட்டிடத்தின் கடிகார முள்ளை பிடித்துக்கொண்டு தொங்கும் மனிதர். கீழே கார்கள் எறும்பு மாதிரி ஓடுகின்றன. இந்த போட்டோவை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. ஆனா அது எந்தப் படம், அவர் யார், நிஜமாவே தொங்கினாரா?

என்ன படம் இது?

1923 ஏப்ரலில் வெளியான அமெரிக்க மௌனப் படம் 'சேஃப்டி லாஸ்ட்'. ஹீரோ, ஹெரால்ட் லாயிட். சாப்ளின், பஸ்டர் கீட்டன் ஆகியோருக்கு இணையாக அந்தக் காலத்தில் கொண்டாடப்பட்ட காமெடி நடிகர். ஹால் ரோச் தயாரிப்பு. இயக்கம் ஃப்ரெட் நியூமேயர், சாம் டெய்லர். 'பாதுகாப்புக்கே முதலிடம்' என்ற வாசகத்தை தலைகீழாக்கி, 'பாதுகாப்புக்கு கடைசி இடம்' என்று தலைப்பு வைத்தார்கள்.

கதை என்ன?

சின்ன ஊரிலிருந்து பெரிய நகரத்துக்கு வரும் ஒரு இளைஞன். ஜவுளிப் பிரிவில் சாதாரண விற்பனையாளர் வேலைதான். ஆனா ஊரில் இருக்கும் காதலிக்கோ, பெரிய பதவியில் இருப்பதாக கடிதம் போடுகிறான். அதை நம்பி காதலி ஒருநாள் நேரில் வந்து நிற்க, சிக்கல் ஆரம்பம்.

கடைக்கு கூட்டம் சேர்க்க ஐடியா கொடுத்தால் 1,000 டாலர் என்கிறார் மேலாளர். சுவர் ஏறுவதில் கில்லாடியான நண்பனை ஏறவைத்து, பணத்தை பிரித்துக்கொள்ள திட்டம். அன்றைக்கு பார்த்து நண்பனை போலீஸ்காரர் துரத்த, ஹீரோவே ஏற வேண்டிய நிலை. ஒரு மாடி ஏறினால் போதும், அப்புறம் நான் பார்த்துக்கறேன் என்கிறான் நண்பன். அந்த 'ஒரு மாடி' கடைசிவரை முடிவதே இல்லை! நடுவில் புறாக்கள், வலை, எலி என ஒவ்வொரு மாடியிலும் ஒரு தொல்லை.

ஐடியா எப்படி வந்தது?

பில் ஸ்ட்ரோதர் என்பவர் கட்டிடச் சுவரில் ஏறும் சாகசக்காரர். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் ஏறுவதை பார்த்த லாயிட், பயத்தில் பார்க்க முடியாமல் தெருமுனைக்கு போய் நின்றுகொண்டு, அவ்வப்போது எட்டிப் பார்த்தாராம். நமக்கே இவ்வளவு படபடப்புன்னா ரசிகர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் படம். நண்பன் வேடத்தில் நடித்ததும் அதே ஸ்ட்ரோதர்தான்.

நிஜமா, செட்டா?

இரண்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் நிஜக் கட்டிடங்களின் மொட்டை மாடியில், ஓரத்தையொட்டி கட்டிடத்தின் முகப்பை மட்டும் செட்டாக போட்டார்கள். கேமராவை சரியான கோணத்தில் வைத்தால், மொட்டை மாடி தெரியாது. கீழே நிஜத் தெரு தெரியும். ஹீரோ உயரத்துக்கு போகப் போக, இன்னும் உயரமான கட்டிடத்துக்கு மாறினார்கள். ஃபிரேமுக்கு வெளியே, கீழே மெத்தை விரித்த மேடை இருந்தது.

தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளில் ஏறுவது ஸ்ட்ரோதர். சில காட்சிகளில் லாயிடுக்கு டூப் போட்டதாக ஸ்டன்ட் கலைஞர் ஹார்வி பாரி, 1971-ல் லாயிட் இறந்த பிறகு சொன்னார். ஆனா கடிகாரத்தில் முகம் தெரிய தொங்குவது லாயிடேதான். மெத்தை இருந்தாலும், தவறி விழுந்தால் அடி நிச்சயம்.

பலருக்கு தெரியாத விஷயம்

1919-ல் ஒரு போட்டோ ஷூட்டில், டம்மி என்று நினைத்து கையில் பிடித்த குண்டு வெடித்ததில், லாயிட் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தார். அதன்பின் படங்களில் செயற்கை விரல்கள் பொருத்திய கையுறை அணிந்தே நடித்தார். அதாவது, அந்த முள்ளை பிடித்துத் தொங்கியபோது அவரது வலது கையில் நிஜ விரல்கள் மூன்றுதான்.

படத்தில் காதலியாக நடித்த மில்ட்ரெட் டேவிஸை, ரிலீஸுக்கு முன்பே, 1923 பிப்ரவரியில் நிஜத்திலும் திருமணம் செய்துகொண்டார் லாயிட்.

இப்போ ஏன் பேசப்படுது?

ஜாக்கி சானின் 'புராஜெக்ட் ஏ', ஹாலிவுட்டின் 'பேக் டு தி ஃபியூச்சர்' என பல படங்களில் இந்த கடிகாரக் காட்சியின் தாக்கத்தை பார்க்கலாம். 1994-ல் அமெரிக்காவின் தேசிய திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இதற்கு காப்புரிமை இல்லை. சுமார் 70 நிமிடப் படம், வசனமும் கிடையாது. குழந்தைகளோட உட்கார்ந்து பார்க்கலாம். உயரம்னா பயம் இருக்கிறவங்க மட்டும் கொஞ்சம் உஷார்!