ஊசிமுனையில் முடியும் தயாரிப்பு: பச்சிளங்குழந்தை மருந்துகளில் செறிவு, இடைவெளி, ஊடகம்

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரின் கையைப் பார்ப்போம். வார்மரில் கிடப்பது 1.2 கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தை. கிருமித்தொற்றோ என்ற ஐயம். மருத்துவர் எழுதியிருப்பது ஜென்டாமைசின், கிலோவுக்கு 5 மி.கி.; ஆக 6 மி.கி. தட்டில் இருக்கும் குப்பியோ பெரியவர்களுக்கென நிரப்பியது, 2 மி.லி.யில் 80 மி.கி. கணக்குப் போட்டால் குழந்தைக்குச் சேர வேண்டியது 0.15 மி.லி., அதாவது ஒரு மி.லி. சிரிஞ்சில் பதினைந்து சிறுகோடுகள். ஊசியும் சிரிஞ்சும் சேரும் கழுத்தில் மட்டுமே 0.05 மி.லி. அளவுக்கு மருந்து தங்கக்கூடும். 0.15 வரை இழுத்த பின் அதே சிரிஞ்சில் சலைனை இழுத்து நீர்க்கச் செய்தால், கழுத்தில் தங்கியதும் உள்ளே வந்துவிடும். குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது. செவிலியர் கோட்டைச் சரியாகத்தான் பார்த்தார்.

இந்தக் காட்சியை வெறும் கவனக்குறைவுப் பிரச்சினையாகப் பேசுவது வழக்கம். அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு மருந்து என்பது வேதிப்பொருளின் பெயரோடு முடிவதில்லை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எந்தத் திரவத்தில் கரைத்து, எந்தச் செறிவில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது மருந்து. கடந்த எழுபது ஆண்டுகளில் இத்துறையில் நேர்ந்த பெரும் துயரங்கள் பலவற்றுக்கும் வேர் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது. பெயரை மட்டும் எழுதும் கொள்முதல் பட்டியல்கள் இம்மூன்றையும் வார்டில் நிற்பவரின் தலையில் கட்டிவிடுகின்றன.

முதலில் இடைவெளி. லாஸ் ஏஞ்சலஸில் 1950களின் இறுதியில், பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்கக் குளோராம்ஃபெனிகால் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. அந்த மருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகளின் இறப்பு, எந்த மருந்தும் பெறாதவர்களுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வயிறு உப்பி, உடல் குளிர்ந்து, தோல் சாம்பல் நிறமாகிப் பிள்ளைகள் இறந்தன. ‘சாம்பல் நிறக் குழந்தை’ என்ற பெயர் அந்த நோய்க்குறிக்கு நிலைத்துவிட்டது. காரணம் பிறகு தெளிவானது. இந்த மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் நொதி, பிறந்த குழந்தையின் கல்லீரலில் இன்னும் முதிரவில்லை. சிறுநீரகமும் அப்படியே. பெரியவர் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, குழந்தையின் உடலில் ஒரு நாளாகியும் பாதியாகாமல் நின்றது; அதற்குள் அடுத்த வேளை, அதற்கடுத்த வேளை.

இதிலிருந்து ‘பிள்ளைக்கு எதையும் குறைத்துக் கொடு’ என்று முடிவு கட்டுவோரும் உண்டு. அதுவும் பிழை. பச்சிளங்குழந்தையின் உடலில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீர். ஜென்டாமைசின் நீரில் பரவும் மருந்து. ஆகவே ஒரு வேளைக்கான அளவு எடைக்கு எடை தாராளமாகவே இருக்க வேண்டும். ஆனால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் அடுத்த வேளை 24 மணி நேரம் கழித்து, மிகவும் குறைமாதமென்றால் 36 அல்லது 48 மணி நேரம் கழித்து. அளவைக் கிள்ளிக் கொடுத்தால் கிருமி சாகாது. அடிக்கடி கொடுத்தால் காதும் சிறுநீரகமும் கெடும். குழந்தையைப் பெரியவரின் சிறு பிரதியாக எண்ணிப் போடும் வகுத்தல் கணக்கு இரண்டு பக்கமும் தவறுகிறது.

இந்த மூன்றில் அடங்காத, ஆனால் பின்னர் தேவைப்படும் சல்ஃபா மருந்தின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் குழுவினர், குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்றைத் தடுக்க வழக்கமாகக் கொடுத்துவந்த பெனிசிலின்–சல்ஃபிசாக்சசோல் கூட்டை வேறொரு நுண்ணுயிர்க்கொல்லியோடு ஒப்பிட்டு 1956இல் வெளியிட்டனர். வழக்கமான கூட்டைப் பெற்ற பிள்ளைகளே அதிகம் இறந்தன. இறந்தவர்களின் மூளையில் காமாலையின் மஞ்சள் படிந்திருந்தது. இரத்தத்தில் பிலிருபினைச் சுமந்துசெல்லும் ஆல்புமினிலிருந்து சல்ஃபா அதைத் தள்ளிவிட, தனித்துவிடப்பட்ட பிலிருபின் மூளைக்குள் புகுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அந்த வழக்கத்தின் மீது யாருக்கும் சந்தேகம் எழவில்லை. குறைமாதப் பிள்ளைகள் இறப்பது அன்று எல்லோருக்கும் பழகிப்போன செய்தி. ஒரு மருந்தால் நேரும் மரணம் அதற்குள் சத்தமின்றி ஒளிந்துகொண்டது.

ஊடகத்தின், அதாவது கரைக்கும் திரவத்தின், கதை இன்னும் வேதனையானது. அதில் ‘மருந்து’ என்று யாரும் எண்ணாத ஒன்றே கொன்றது. தொப்புள் இரத்தக்குழாயில் செருகிய குழலில் அடைப்பு வராமலிருக்கச் சலைன் செலுத்துவார்கள். கெட்டுப்போகாதிருக்க அதில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் கலந்திருந்தது. பெரியவர் உடலில் அது பென்சாயிக் அமிலமாகி, பின் ஹிப்பூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும். குறைமாதக் குழந்தைகளிடம் அந்த இரண்டாம் படி நடக்கவில்லை. இரத்தம் அமிலமாகி, மூச்சுத் திணறி அவை இறந்ததை 1982இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். இரண்டே ஆண்டில் அடுத்த அடி. ஈ-ஃபெரால் என்ற பெயரில் விற்ற, நரம்பில் ஏற்றும் வைட்டமின் ஈ மருந்து 38 குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு 1984இல் திரும்பப் பெறப்பட்டது. வைட்டமினைக் கரைக்கச் சேர்த்த பாலிசார்பேட்டுகள் மீதே முதன்மைச் சந்தேகம் விழுந்தது. அரசின் ஒப்புதல் பெறாமலே அது சந்தைக்கு வந்திருந்தது.

நன்மை செய்யும் மருந்திலும் இதே பாடம். மூச்சு விட மறக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் காஃபீன் கொடுக்கிறோம். 2,006 குழந்தைகளைக் கொண்ட பன்னாட்டுச் சோதனை, அதனால் நுரையீரல் நோய் குறைவதை 2006இலும், மூளை முடக்குவாதம் குறைவதை 2007இலும் காட்டியது. பச்சிளங்குழந்தைகள் துறையில் இவ்வளவு உறுதியான சான்று கொண்ட மருந்துகள் சிலவே. பெரியவருக்கு ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன், இவர்களிடம் நான்கு நாள் வரை எடுக்கும். நாளுக்கு ஒரு வேளை தாராளமாகப் போதும். ஆனால் குப்பியில் இருப்பது காஃபீன் சிட்ரேட். அதன் எடையில் பாதிதான் காஃபீன். ‘காஃபீன் 20 மி.கி.’ என்று ஒருவர் எழுதினால் அது உப்பின் எடையா, காஃபீனின் எடையா? ஒரு சொல் விடுபட்டால் அளவு இரட்டிக்கும் அல்லது பாதியாகும்.

நம் வீடுகளில் உரைமருந்து கொடுத்த பாட்டிமார், வசம்பையும் மாசிக்காயையும் கல்லில் எத்தனை சுற்று இழைத்தோம் என்றே அளவு வைத்தார்கள். இன்று மருத்துவர்கள் அந்த வழக்கத்தைத் தவிர்க்கச் சொல்கிறோம். அளவு கைக்குக் கை மாறும் என்பது நாம் சொல்லும் காரணங்களில் ஒன்று. மேலே கண்ட பதினைந்து கோடுகளை எண்ணும்போது அந்தக் காரணம் எனக்கு உறுத்துகிறது. ஆலையில் தொடங்கிய தயாரிப்பு நம் வார்டிலும் கையில்தான் முடிகிறது.

செறிவில் பெரியவருக்கும் குழந்தைக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. பெரியவருக்குப் பத்து மடங்கு தவறாகக் கொடுக்கப் பத்துக் குப்பி உடைக்க வேண்டும்; மூன்றாவது குப்பியிலேயே கை நின்றுவிடும். 1.2 கிலோ குழந்தைக்கு அந்த 80 மி.கி. குப்பி ஒன்றுக்குள்ளேயே பதின்மூன்று வேளை மருந்து இருக்கிறது. புள்ளி ஓரிடம் தள்ளி 0.15 என்பது 1.5 ஆனாலும் குப்பி மிச்சமாகவே இருக்கும். எச்சரிக்க எதுவும் இல்லை.

குழந்தைக்கென்று நீர்த்த குப்பியை வாங்கினால் தீர்ந்ததா? வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே மருந்து இரண்டு செறிவுகளில் ஒரே அலமாரியில் இருப்பது புதிய ஆபத்து. 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், குழல் அடைக்காதிருக்கக் கொடுக்கும் நீர்த்த ஹெப்பாரினுக்குப் பதில் ஆயிரம் மடங்கு செறிந்த குப்பி வந்து சேர்ந்து, ஆறு குறைமாதக் குழந்தைகளுக்கு ஏறி, மூன்று இறந்தன. இரு குப்பிகளும் பார்க்க ஒன்றுபோல இருந்தன. ஆனால் நீர்த்த குப்பி இருந்ததால் வந்த மரணமாக இதை நான் படிக்கவில்லை. செறிந்தது அந்தப் பிரிவின் வாசலைத் தாண்ட முடிந்ததே அங்கு நடந்த பிழை. ஆகவே கோரிக்கை இரண்டு பகுதி கொண்டது: நீர்த்ததை வாங்க வேண்டும், செறிந்ததைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அனுப்பவே கூடாது.

உயர்சிறப்பு மருத்துவமனைக்கு வெளியே, மருந்தைப் பெயருக்கு அப்பால் பார்ப்பது இன்னும் முக்கியம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் 39 கிராமங்களில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் குழுவினர் பயிற்றுவித்த கிராமப் பெண்கள், தொற்று கண்ட குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி கோட்ரைமாக்சசோலும் கொடுத்தார்கள். தொற்றுற்றவர்களில் இறப்பு 16.6 சதவீதத்திலிருந்து 2.8 ஆனது, 1999இல் இது வெளியானது. கோட்ரைமாக்சசோலிலும் சல்ஃபா இருக்கிறது. நியூயார்க்கில் நோயற்ற பிள்ளைகளுக்குத் தடுப்பாகக் கொடுத்தபோது அது கொன்றது. இங்கே சிகிச்சையே எட்டாத ஊரில் தொற்றுற்ற பிள்ளைகளைக் காத்த திட்டத்தின் பகுதியானது. மருந்தின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் குழந்தைகளுக்கென்று தனி அத்தியாவசிய மருந்துப் பட்டியல் கொண்டுவந்தது. ஜென்டாமைசினுக்கு மி.லி.க்கு 40 மி.கி. மட்டுமன்றி 10 மி.கி. செறிவும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்டு, மருந்துகளை மையமாக வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்புக்கு, ஒப்பந்தப்புள்ளியில் செறிவையும் ஊடகத்தையும் சேரும் பிரிவையும் எழுதுவது கடினமான காரியமில்லை. 10 மி.கி. குப்பி கைக்கு வந்தால் அதே குழந்தைக்கான 6 மி.கி. 0.6 மி.லி. ஆகிறது. சிரிஞ்சின் கழுத்தில் தங்கும் 0.05, மூன்றில் ஒன்றிலிருந்து பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. 2 மி.லி. குப்பி முழுவதையும் தவறி ஏற்றினாலும் 20 மி.கி.தான், பத்து மடங்குத் தவறு செய்ய மூன்று குப்பிகள் உடைக்க வேண்டியிருக்கும்.